மாவு மில்லில் ஆடி மாதம் நடந்த விபத்து: எதை முதலில் சரிசெய்வது, எதற்கு இன்சூரன்ஸ் எடுப்பது?

மில்வீட்டு மருமகள், காவேரிப்பட்டணம்

எல்லோருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் எங்களுக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. கீழே மில், மாடியில் வீடு. ஒரு கல் மிஷின், ஒரு மிளகாய் மிஷின், அரிசி மாவுக்குத் தனியாக ஒன்று. வேலைக்கு மூன்று பேர். நானும் கணவரும் கூடவே நிற்போம்.

ஆடி மாதம் எங்கள் மில்லில் கால் வைக்க இடம் இருக்காது. மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்ற ஊரே ராகி மூட்டையோடு வந்து நிற்கும். இந்த வருடம் இரண்டாவது வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். எங்களிடம் ஒன்பது வருடமாக வேலை செய்யும் அக்கா, கல் மிஷினில் ராகியைக் கொட்டிவிட்டுத் திரும்பினார். முந்தானை பெல்ட்டில் மாட்டிவிட்டது. இழுத்த இழுப்பில் கை புல்லி மேல் போய்விட்டது. மெயின் சுவிட்ச் எதிர்ச் சுவரில், மூட்டைகளுக்குப் பின்னால். மாவு வாங்க வந்திருந்த ஒரு பையன் மூட்டை மேல் ஏறிக் குதித்து அதை இறக்கினான். அவன் மட்டும் அங்கே இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை.

அந்த மிஷினுக்கு வலைத்தட்டி உண்டு. வைகாசியில் பெல்ட் மாற்றக் கழற்றியது, திரும்ப மாட்டவே இல்லை. இரண்டு மாதம் சுவரில் சாய்ந்தே இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் நடந்தோம். தப்பு எங்களுடையது.

அக்காவுக்கு மணிக்கட்டில் இரண்டு எலும்பும் முறிந்து பிளேட் வைத்தார்கள். செலவு 74,000 ரூபாய், நாங்கள்தான் கட்டினோம். மூன்று மாதம் சம்பளமும் நிறுத்தவில்லை, மாதம் 9,000. அவருக்கு வயது 40, இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவரிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்திருக்கிறது. பதற்றத்தில் நாங்கள் அழைத்துப்போன மருத்துவமனை அந்தத் திட்டத்தில் இல்லை.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த மாதிரி விஷயங்களுக்கென்று வருடத்துக்கு 20,000 ரூபாய் ஒதுக்க முடியும். அதற்கு மேல் இப்போதைக்கு முடியாது. ஏஜென்ட் ஒருவர் வந்து, வருடம் 18,000 கட்டினால் உயிருக்கும் பாதுகாப்பு, கடைசியில் பணமும் திரும்பக் கிடைக்கும், வேறு எதுவும் வேண்டாம் என்கிறார். மிஷின் வாங்கிய லோனுக்கு பேங்க்காரர்களே இன்சூரன்ஸ் போட்டிருப்பார்கள் என்பது கணவர் சொல்வது. மாமியார் சீட்டில் சேரச் சொல்கிறார். கணவர் மாவு பாக்கெட்டுகளை பைக்கில் கட்டிக்கொண்டு பர்கூர், கிருஷ்ணகிரி கடைகளுக்குப் போய் வருகிறார், பாதி வழி ஹைவே. மாமனாருக்கு 63 வயது, பிரஷர் உண்டு. மாந்தோப்பில் மோட்டார் போட இரவில் தனியாகப் போகிறார்.

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஒயர்மேன், அரூர்

தங்கச்சி, இன்சூரன்ஸ் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். நான் 26 வருடமாக மில், ரைஸ் மில், போர்வெல் என்று ஒயரிங் செய்கிறவன். மில்லுக்குள் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் வலைத்தட்டி ஏன் இரண்டு மாதம் சுவரில் சாய்ந்திருந்தது தெரியுமா? போல்ட் போட்டு மாட்டுகிற தட்டி எந்த மில்லிலும் அப்படித்தான் ஆகும். ஒவ்வொரு தடவையும் ஸ்பேனர் தேட வேண்டும், வெளியே கூட்டம் நிற்கும், அப்புறம் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். அதையே கீல் வைத்துக் கதவு மாதிரி செய்யச் சொல்லுங்கள். உங்கள் ஊர் வெல்டிங் கடையிலேயே முடியும். அந்தக் கதவில் ஒரு லிமிட் சுவிட்ச் வைத்து, ஸ்டார்ட்டரின் காயிலுக்குப் போகும் லைனில் அதைச் சேர்த்துவிட வேண்டும். கதவு திறந்திருந்தால் மோட்டார் எடுக்காது. ஓடும்போது திறந்தால் நின்றுவிடும். யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

அதே லைனில், அடித்தால் மோட்டாரை நிறுத்தும் சிவப்புக் காளான் பட்டன் ஒன்று, மிஷினில் தானியம் கொட்டும் ஆள் நிற்கிற இடத்தில், இடது கைக்கு எட்டும்படி. வலது கை மாட்டிக்கொண்டாலும் இடது கையால் அடிக்க முடிய வேண்டும். மெயின் சுவிட்ச் முன்னால் மூட்டை அடுக்கக் கூடாது. தரையில் மஞ்சள் பெயின்ட் அடித்துக் கோடு போட்டுவிடுங்கள். நிறுத்தினாலும் கல் உடனே நிற்காது, சிறிது நேரம் சுற்றும். அதனால் பட்டன் இருக்கிறதே என்று தட்டியை விட்டுவிடாதீர்கள்.

சில மில்களில் ஸ்டார்ட்டர் பட்டனில் குச்சி செருகி வைப்பார்கள். கரண்ட் போய் வந்தால் தானாக ஓடட்டும் என்று. கரண்ட் இல்லாத நேரத்தில் ஒருவர் கல்லைச் சுத்தம் செய்துகொண்டிருந்தால் அவர் கதி என்ன? கரண்ட் போனால் ஸ்டார்ட்டர் விழ வேண்டும், ஆள்தான் திரும்பப் போட வேண்டும். உங்கள் மில்லில் அப்படிக் குச்சி இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

சேலைக்கு மேலே முழுக்கை ஓவர்கோட், பின்பக்கம் முடிச்சில்லாமல் பட்டன் வைத்தது. முடியைத் தூக்கிக் கட்டித் துணி. எங்கள் பக்கத்து மில்லில் பெண்கள் வெயிலுக்கு இது முடியாது என்றார்கள். மெல்லிய காட்டனில் தைத்துக் கொடுத்த பிறகு போட்டுக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஷாக். எம்சிபி இருக்கிறது, போதும் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும், மனிதனைக் காப்பாற்றாது. மனிதனுக்கு, கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஈஎல்சிபி வேண்டும். வீட்டு லைனுக்கு 30 மில்லி ஆம்பியர். மோட்டார் லைனுக்கு உங்கள் ஒயர்மேன் கசிவை அளந்து பார்த்துப் போடட்டும். அதில் டெஸ்ட் பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்தினால் விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள். எர்த் குழிக்கு சித்திரை, வைகாசியில் தண்ணீர் ஊற்றுங்கள். நம் மண் காய்ந்தால் எர்த் சரியாக இறங்காது.

இன்னொன்று. காற்றில் பறக்கும் மாவு தீப்பிடிக்கும். வெள்ளிக்கிழமை மில்லுக்குள் சாம்பிராணி போடுவது, கற்பூரம் காட்டுவது நம் வழக்கம். வேண்டாம் என்று சொல்லவில்லை. மிஷினை நிறுத்தி, மாவு அடங்கி, பெருக்கி எடுத்த பிறகு செய்யுங்கள். சுவிட்ச் போர்டுக்குள் படிந்த மாவை மாதம் ஒருமுறை, மெயினை இறக்கிவிட்டுத் துடையுங்கள்.

---

பழைய இரும்புக் கடை, பர்கூர்

என் கருத்து வேறு. பத்து வருடம் கடைக்கு ஃபயர் இன்சூரன்ஸ் கட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பணத்தைச் சீட்டில் போட்டிருந்தால் கையில் இருந்திருக்கும். உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவசரம் என்றால் சீட்டை எடுக்கலாம், இல்லாவிட்டால் நகையை வைக்கலாம். கம்பெனிக்காரன் பின்னால் பேப்பர் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற சர்வேயர், கிருஷ்ணகிரி

நான் நில அளவை செய்பவன் அல்ல. தீ, வெள்ளம், திருட்டு நடந்த இடத்துக்குப் போய் நஷ்டம் எவ்வளவு என்று பார்த்து இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அறிக்கை கொடுக்கும் சர்வேயராக 31 ஆண்டுகள் இருந்தேன். மாங்கூழ் தொழிற்சாலை, கிரானைட் பட்டறை, புளி கோடவுன் என்று இரண்டு மாவட்டத்திலும் பார்த்திருக்கிறேன்.

பர்கூர் நண்பர் சொன்னதில் ஒரு பாதி சரி. சீட்டும் நகையும் 50,000, 70,000 செலவுக்கு உதவும். அந்த அளவு செலவுக்கு இன்சூரன்ஸே தேவையில்லை, சேமிப்பு போதும். நீங்களே 74,000 கட்டிவிட்டீர்கள் அம்மா. ஆனால் எந்தத் தொகையை உங்களால் கட்டவே முடியாதோ, அதற்குத்தான் பிரீமியம் கட்ட வேண்டும். அந்தக் கணக்கில் பார்த்தால் உங்கள் வீட்டில் முதலில் வருவது மிஷின் அல்ல, தீ அல்ல. அந்த அக்காவும் மற்ற இருவரும்தான்.

ஏன் என்று சொல்கிறேன். உங்களிடம் 10 பேர் இல்லை, அதனால் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு, கட்டாயம் இல்லை. ஈஎஸ்ஐ இல்லாத இடத்தில் வேலையில் அடிபட்டால் முதலாளிதான் இழப்பீடு தர வேண்டும். 1923-இல் வந்த சட்டம் இது. இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடும் மாவு மில்லில் மூன்றே பேர் இருந்தாலும் இந்தப் பொறுப்பு உண்டு. முதலாளி மீது தவறு இருந்ததா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையால் நடந்தது என்றால் போதும். உயிரிழப்பு என்றால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கான காரணியால் பெருக்குவார்கள். 40 வயதுக்குக் காரணி 184.17. சம்பளம் 9,000 என்றால் 4,500-ஐ 184.17-ஆல் பெருக்குங்கள். 8,28,765 ரூபாய். நிரந்தர முழு ஊனத்துக்குப் பாதிக்குப் பதில் 60 சதவீதம், அது இன்னும் அதிகம். வைத்தியச் செலவு வேறு.

அந்தப் பையன் மூட்டை மேல் ஏறாமல் இருந்திருந்தால் நீங்கள் இந்தத் தொகையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அக்காவின் பிள்ளைகள் அதற்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்கென்றே 'ஒர்க்மேன் காம்பன்சேஷன்' பாலிசி இருக்கிறது. ஏஜென்ட்கள் டபிள்யூசி பாலிசி என்பார்கள். பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாமே தருகின்றன. மூன்று பேரின் ஆண்டுச் சம்பளத்தை வைத்து பிரீமியம் போடுவார்கள். மருத்துவச் செலவுக்கான சேர்க்கையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் போடமாட்டார்கள். சம்பளத்தைக் குறைத்துக் காட்டாதீர்கள். மூன்று பேர் இருக்க இரண்டு பேர் என்று எழுதாதீர்கள். ஆடி மாதம் கூடுதல் ஆள் வைப்பீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சம்பளத்தை ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நஷ்டம் நடந்த பிறகு நான் முதலில் கேட்டது எப்போதும் அந்த நோட்டைத்தான்.

அடுத்தது தீ. கணவரிடம் பேங்க் போட்ட பாலிசியை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் லோன் தொகைக்கு மட்டும்தான் இருக்கும், கட்டடமோ சரக்கோ அதில் வராது. லோன் முடிந்ததும் பாலிசியும் நின்றுபோகும், அது தெரியாமலே வருடக்கணக்கில் இருப்பார்கள். 2021 ஏப்ரலிலிருந்து 5 கோடி வரையிலான சிறு தொழில் இடங்களுக்கு 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்று ஒரே மாதிரியான பாலிசி எல்லா நிறுவனங்களிலும் உண்டு. மாடி வீட்டுக்கு 'பாரத் க்ருஹ ரக்ஷா'. இரண்டையும் ஒரே முகவரி என்று கலக்காமல், கீழே மில், மேலே குடியிருப்பு என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். வீடு என்று மட்டும் எழுதிவிட்டுக் கீழே மில் நடத்தினால் கிளெய்ம் வரும்போது சிக்கல்.

தொகையைக் குறைத்துப் போடாதீர்கள். மிஷினும் சரக்கும் சேர்த்து 6 லட்சம் பெறும், ஆனால் பாலிசி 3 லட்சத்துக்கு என்றால், 2 லட்சம் எரிந்தபோது 2 லட்சம் வரும் என்று எண்ணாதீர்கள். பாதிக்குத்தான் இன்சூரன்ஸ் எடுத்தீர்கள், அதனால் நஷ்டத்திலும் பாதிதான், 1 லட்சம். நான் சொன்ன சிறுதொழில் பாலிசியில் 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் கழிக்கமாட்டார்கள். அதற்கு மேல் போனால் கழிப்பார்கள்.

மில்காரர்கள் யாரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. உங்கள் மில்லில் நிற்கும் ராகி மூட்டையில் எத்தனை உங்களுடையது? ஊரார் அரைக்க வைத்துவிட்டுப் போனது, காலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று விட்டுப்போன டின்கள், இதெல்லாம் உங்கள் சரக்கு அல்ல. நம்பி ஒப்படைத்த சரக்கு. பாலிசியில் அதையும் சேர்த்து எழுதச் சொல்லாவிட்டால் அதற்குப் பணம் வராது. ஊராரிடம் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஒரு புளி வியாபாரியின் நஷ்டத்தை என்னால் மறக்க முடியவில்லை. பத்து வருடம் ஒழுங்காகக் கட்டியவர். அந்த வருடம் புளி அதிகம் வந்ததால் பக்கத்துத் தெருவில் புது ஷெட் எடுத்து அங்கே இறக்கினார். பாலிசியில் பழைய கோடவுன் முகவரி மட்டும்தான். எரிந்தது புது ஷெட். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துச் சேர்த்திருந்தால் போதும். நான் அறிக்கையில் உள்ளதைத்தான் எழுத முடிந்தது. அவர் என் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

பேப்பர் அலைச்சல் பற்றி: நிறுவனம் மறுத்தால் அதோடு முடிவதில்லை. முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். மறுப்பு வந்த ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரையிலான புகாரை எடுப்பார்கள். தனிநபர்களோடு மிகச் சிறு தொழில் செய்பவர்களும் போகலாம்.

அந்த ஏஜென்ட் சொன்ன 18,000 ரூபாய்ப் பாலிசி சேமிப்பும் காப்பும் கலந்தது. நீங்கள் ஒதுக்கிய பணம் முழுவதும் அதில் போய்விடும். மில்லில் நடக்கும் எதற்கும் அது பதில் சொல்லாது. இப்போதைக்கு வேண்டாம். கணவருக்கு உயிர்க் காப்பு வேண்டும் என்றால் பணம் திரும்பி வராத டேர்ம் பாலிசி விசாரியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. மாமனாருக்கு மருத்துவப் பாலிசி எடுத்தால் பிரஷரை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் மொத்தமும் போகும்.

---

ஷிப்ட் தொழிலாளி, ஓசூர்

சார் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் செக்ஷனில் நாலு பேருக்கு அனுப்பினேன். நான் பைக் பற்றியும் தோப்பு பற்றியும் சொல்கிறேன் அக்கா. இரண்டிலும் எங்கள் வீட்டில் அடிபட்டிருக்கிறோம்.

அண்ணனுடைய பைக் 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கியது என்றால் இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்துத் தேதி பாருங்கள். வாங்கும்போது ஐந்து வருடம் என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அந்த ஐந்து வருடம் தேர்ட் பார்ட்டிக்கு, அதாவது நம் வண்டி இடித்து மற்றவருக்கு ஆனதற்கு. நம் வண்டிக்கான ஓன் டேமேஜ் பொதுவாக ஒரே வருடம். என் வண்டி மூன்றாவது வருடம் சூளகிரி தாண்டி லாரியில் உரசி நொறுங்கியபோதுதான் எனக்கே தெரிந்தது. ஓட்டுபவருக்கு 15 லட்சம் பெர்சனல் ஆக்சிடென்ட் என்று ஒரு வரி இருக்கும், அதுவும் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். வண்டி ஓட்டுபவர் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் உயிரோடு இருக்க வேண்டும். வண்டி மாமா பெயரில், ஓட்டுவது அண்ணன் என்றால் அந்த 15 லட்சம் வராது. மாவு பாக்கெட்டை ஹேண்டிலில் தொங்கவிடாமல் பின்னால் பெட்டி வைத்துக் கட்டச் சொல்லுங்கள்.

ரோட்டில் அடிபட்டால் முதல் 48 மணி நேர வைத்தியம் இலவசம். 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று 2021 டிசம்பரில் அரசு ஆரம்பித்தது. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் உண்டு. அட்டை வேண்டாம், எந்த ஊர் ஆளாக இருந்தாலும் சரி. எந்த மருத்துவமனை என்று இப்போதே விசாரித்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தோப்பு. என் தாய்மாமாவுக்கு தேன்கனிக்கோட்டை பக்கம் காடு. இரவில் த்ரீ பேஸ் வரும் என்று மோட்டார் ரூமிலேயே தரையில் படுத்துக்கொள்வார். கட்டுவிரியன் கடித்துவிட்டது. கட்டுவிரியன் கடித்தால் பெரிதாக வலிக்காது அக்கா, தடமும் சரியாகத் தெரியாது. எறும்பு என்று நினைத்துத் திரும்பப் படுத்துவிட்டார். விடியும்போது கண் இமை தூக்க முடியவில்லை. அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம், காப்பாற்ற முடியவில்லை. 47 வயது.

அவருக்கு இரண்டு பேங்க்கில் கணக்கு. ஒன்றில் வருடம் 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, பிரதம மந்திரி சுரக்ஷா பீமா. அது பிடித்திருந்தது. பாம்புக்கடியும் அதில் விபத்துதான். மரத்திலிருந்து விழுவதும் அப்படியே. இந்த மாதிரிக்கு உடனே மருத்துவமனையில் சேர்த்த ரெக்கார்டு இருக்க வேண்டும், அது எங்களிடம் இருந்தது. அத்தைக்கு 2 லட்சம் வந்தது. இன்னொரு கணக்கில் 436 ரூபாய் ஜீவன் ஜோதி. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும். அந்த வருடம் மே மாதக் கடைசியில் கணக்கில் 212 ரூபாய்தான் இருந்தது. பிடிக்க முடியாமல் பாலிசி நின்றுபோயிருந்தது. 224 ரூபாய் குறைந்ததால் 2 லட்சம் போனது. அத்தைக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் ஒரு வாரம் அலைந்தேன்.

இரண்டுமே ஜூன் 1 முதல் மே 31 வரைதான். மே 20-ஆம் தேதி போனில் அலாரம் வைத்து, உங்கள் கணக்கு, அந்த மூன்று பேர் கணக்கு எல்லாவற்றிலும் 500 ரூபாயாவது இருக்கிறதா என்று பாருங்கள். 20 ரூபாய்த் திட்டத்துக்கு 70 வயது வரை, உங்கள் மாமனார் சேரலாம். 436-க்கு 50 வயதுக்குள் சேர வேண்டும், அதனால் அவருக்குக் கிடையாது. நாமினி பெயர் எழுதியிருக்கிறதா என்று பாஸ்புக்கோடு போய்க் கேளுங்கள்.

மாமாவுக்குக் கட்டில் ஒன்று போட்டு, கொசுவலையைச் சுற்றிலும் சொருகிப் படுக்கச் சொல்லியிருந்தால் போதும். உங்கள் மாமனாருக்கு நல்ல டார்ச், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கும் முன் கம்பால் தட்டுவது. கடித்துவிட்டால் கட்டுப் போட வேண்டாம், கீற வேண்டாம், காலை ஆட்டாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மாங்காய் பறிக்க ஆள் ஏற்றிக்கொண்டு பிக்கப்பில் போகிறீர்களா? சரக்கு வண்டியில் கூலி ஆட்களை ஏற்றி விபத்தானால் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை என்று சொல்ல இடம் இருக்கிறது. மொத்தமும் வண்டி உரிமையாளர் தலையில் விழும். எங்கள் ஊரில் ஒருவர் நிலத்தை விற்றார்.

---

மகளிர் குழு, பென்னாகரம்

மருமகளே, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பற்றி. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் கிடைக்கும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை, ஒரு பைசா கட்ட வேண்டாம். எந்த மருத்துவமனையில் எந்த சிகிச்சைக்குச் செல்லும் என்று 1800 425 3993-இல் கேட்டால் சொல்வார்கள், காசில்லாத நம்பர். உங்களிடம் வேலை செய்யும் மற்ற இருவருக்கும் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி கலெக்டர் ஆபீஸில் போட்டோ எடுக்க வேண்டும். எங்கள் குழுவில் அப்படி 11 பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு நாள் வேலை கெடும், அவ்வளவுதான்.

கேஸ் சிலிண்டர் யார் பெயரில், எந்த முகவரியில் இருக்கிறது? வீட்டு சிலிண்டருக்கு எண்ணெய் நிறுவனங்களே இன்சூரன்ஸ் வைத்திருக்கின்றன. நாம் எதுவும் கட்ட வேண்டாம். சிலிண்டரால் உயிர் போனால் ஒருவருக்கு 6 லட்சம், பொருள் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஆனால் பொருள் சேதத்துக்குப் பதிவான முகவரியில் நடந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் பாதிப் பேர் பழைய வீட்டு முகவரியிலேயே வைத்திருக்கிறார்கள். டியூப் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். சிலிண்டர் வாங்கும்போது கழுத்துப் பட்டையில் A, B, C, D என்று எழுத்தும் வருடமும் இருக்கும், அதுவரைதான் அதன் சோதனைக் கெடு. A என்றால் மார்ச் வரை, D என்றால் டிசம்பர் வரை. தாண்டியிருந்தால் வாங்காதீர்கள். மாடியில் கேஸ், கீழே மாவு என்றால் இதில் நீங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கசிவு வாசம் வந்தால் 1906.

---

மில்வீட்டு மருமகள், காவேரிப்பட்டணம்

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என்னென்ன செய்தோம் என்று சொல்லிவிடுகிறேன்.

அரூர் அண்ணா சொன்ன கீல் தட்டி மூன்று மிஷினுக்கும் ஆகிவிட்டது. லிமிட் சுவிட்சை உங்கள் பதிவைக் காட்டித்தான் எங்கள் ஒயர்மேனுக்குப் புரியவைத்தேன். முதல் நாள் கணவர் சோதிப்பதற்காக ஓடும்போது திறந்தார், மோட்டார் விழுந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தானும் ஒருமுறை திறந்து பார்த்தார். அவர் போன திங்கள் முதல் வேலைக்கு வருகிறார். இன்னும் கனமான மூட்டை தூக்க விடுவதில்லை, சல்லடையும் கல்லாவும் பார்க்கிறார். காளான் பட்டன் எங்கே வைக்க வேண்டும் என்று அவரையே நிற்கவைத்துக் கேட்டோம். நாங்கள் நினைத்த இடத்துக்கு ஒரு முழம் கீழே காட்டினார். ஸ்டார்ட்டரில் குச்சி இருந்தது அண்ணா. எடுத்துவிட்டோம்.

பேங்க் பாலிசி சார் சொன்னபடியேதான், லோன் தொகைக்கு மட்டும், அதுவும் பங்குனியில் முடிகிறது. மூன்று பேருக்கும் டபிள்யூசி பாலிசி மருத்துவச் சேர்க்கையோடு எடுத்துவிட்டோம், ஆடி மாதக் கூடுதல் ஆளையும் எழுதச் சொன்னோம். மில்லுக்கு சிறுதொழில் பாலிசி, மாடிக்குத் தனி. இவ்வளவுக்கும் நான் வைத்திருந்த 20,000-இல் பாதிக்குச் சற்று மேல்தான் ஆனது. தட்டிக்கும் சுவிட்சுக்கும் ஆன செலவைக் கணவர் தனியாகப் பார்த்துக்கொண்டார். மிச்சத்தை மாமனார் மருத்துவப் பாலிசிக்கு வைத்திருக்கிறேன், பிரஷரை எழுதித்தான் கொடுக்கப்போகிறோம். மாமியார் சீட்டிலும் சேர்ந்துவிட்டார், மாதம் 1,000. சின்னச் செலவுக்கு அது இருக்கட்டும்.

ஓசூர் தம்பி, பைக் மாமனார் பெயரில்தான் இருந்தது. ஆர்டிஓ ஆபீஸில் பெயர் மாற்றக் கொடுத்திருக்கிறோம். எல்லோரையும் 20 ரூபாய்த் திட்டத்தில் சேர்த்தாயிற்று. உங்கள் மாமாவைப் பற்றி எழுதியதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தானே போய் பூட்ஸ் வாங்கி வந்தார்.

சாருக்கு ஒரு கேள்வி. ஊரார் சரக்கையும் பாலிசியில் சேர்த்துவிட்டோம். ஆனால் யாருடையது எவ்வளவு என்பதற்கு எங்களிடம் டின் மேல் ஒட்டும் துண்டுச் சீட்டும் ஒரு நோட்டும்தான். பெயர் மட்டும் எழுதுவோம். அது போதுமா?

---

ஓய்வுபெற்ற சர்வேயர், கிருஷ்ணகிரி

பெயரோடு எடையும் எழுதுங்கள் அம்மா. அப்புறம் அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். மில்லில் இருந்தால் மில்லோடு எரியும், மாடிக்குக் கொண்டுபோனாலும் அதே கட்டடம்தான். கடை மூடும்போது அன்றைய பக்கத்தையும் மூட்டை நிற்கும் இடத்தையும் போனில் ஒரு போட்டோ எடுத்து, வேறு ஊரில் இருக்கும் உங்கள் அம்மா வீட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். அனுப்பிய தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும்.

---

மில்வீட்டு மருமகள், காவேரிப்பட்டணம்

தங்கை தருமபுரியில் இருக்கிறாள் சார். இன்று இரவிலிருந்து அவளுக்கு அனுப்புகிறேன்.